ரைஸ் குக்கர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று பேர் குறைந்த செலவில் சமைப்பது எப்படி?

கவுந்தப்பாடி மாணவன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பீளமேட்டில் நண்பர்கள் இருவருடன் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறேன். அறையில் கேஸ் அடுப்பு வைக்கக் கூடாது என்றும், ரைஸ் குக்கர் ஒன்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்றும் வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் 1.8 லிட்டர் கொள்ளளவும் 700 வாட் திறனும் கொண்ட சாதாரண ரைஸ் குக்கர் ஒன்றை மூவரும் பணம் போட்டு வாங்கினோம். மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் மாதத்தின் இருபதாம் தேதிக்குள் கை வறண்டுவிடுகிறது. எனவே இரவு உணவையாவது அறையில் சமைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது ரேஷன் புழுங்கலரிசியும் கொஞ்சம் துவரம்பருப்பும் எடுத்து வந்துவிடுவேன். சோறு நன்றாகவே வருகிறது. ஆனால் பருப்பு சேர்த்து எதைச் செய்தாலும் அரிசி குழைந்த பிறகும் பருப்பு பல்லில் கடிபடுகிறது. பொங்கி வரும் நுரை மூடியின் துளை வழியாக வழிந்து மேசையெல்லாம் ஆகிவிடுகிறது. தாளிக்க எண்ணெய் ஊற்றினால் கடுகு பொரிவதற்குள் சுவிட்சு தானாக மேலே ஏறிவிடுகிறது. இதனால் தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், மறுபடியும் தக்காளி சாதம் என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. எங்களில் ஒருவன் முட்டைகூடச் சாப்பிட மாட்டான். செலவும் வேலையும் குறைவாக, வயிறு நிறைந்து உடம்பிலும் ஒட்டுகிற மாதிரியான சாப்பாட்டு வகைகளை, செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

காங்கேயத்திலிருந்து ஒரு தாய் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் மகன் அறை எடுத்துப் படித்த நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. நம் ஊர்ப் பிள்ளைகள் கையில் ஒரு ரைஸ் குக்கர் இருந்து, அதில் தக்காளி சாதம் மட்டும் வேகிறது என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே போசியில் அரிசியும் பருப்பும் சேர்ந்து வேகும் அரிசிம்பருப்பு சாதம் நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிறது. தோட்டத்து வேலை முடிந்து இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்த பெண்கள், தனியாகக் குழம்பு வைக்க நேரமில்லாமல் செய்த சாப்பாடு அது. என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) அதை விறகடுப்பில் மண்சட்டியில் செய்தார்கள், நான் பிரஷர் குக்கரில் செய்கிறேன், என் மகன் ரைஸ் குக்கரில் செய்தான்.

உங்களுக்குப் பருப்பு வேகாததற்குக் காரணம் சொல்கிறேன். ரைஸ் குக்கரில் விசில் கிடையாது, அழுத்தமும் கிடையாது. மூடி போட்ட திறந்த பாத்திரம் என்றே அதைச் சொல்ல வேண்டும். பிரஷர் குக்கரில் பத்து நிமிடத்தில் வேகும் துவரம்பருப்புக்கு அதில் முக்கால் மணி நேரம்கூட ஆகும். அரிசி அதற்கு முன்பே வெந்து தண்ணீரைக் குடித்துவிடுவதால் பருப்பு பாதியில் நின்றுவிடுகிறது. ஆகவே பருப்பை ஊற வைத்தே ஆக வேண்டும். காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது ஊற வைப்பதென்றால், வெயில் காலத்தில் தண்ணீர் புளித்துவிடாமலிருக்க இடையில் ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு வழியில்லாவிட்டால் மாலையில் அறைக்கு வந்தவுடன் நன்கு சுடவைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் போதும்.

மூன்று பேருக்கு, குக்கருடன் வந்த அளவுக் குவளையில் இரண்டு குவளை அரிசிக்கு முக்கால் குவளைப் பருப்பு சரியாக இருக்கும். குக்கரில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், நான்கைந்து வரமிளகாய், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு ஆறேழு பல் போட்டு, அவற்றோடு ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தையும் உடனே சேர்த்துவிடுங்கள். பெரிய வெங்காயம் போட்டால் அந்த மணம் வராது. வெங்காயம் வதங்கியதும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஊறிய பருப்பு, ஏழு குவளைத் தண்ணீர் ஊற்றி மூடி, பருப்பை மட்டும் முதலில் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். அதற்குப் பிறகுதான் அரை மணி நேரம் ஊறிய புழுங்கலரிசி, உப்பு, ஒரே ஒரு தக்காளி ஆகியவற்றைப் போட வேண்டும். தக்காளியின் புளிப்பு முன்கூட்டியே சேர்ந்தால் பருப்பு விறைத்துக்கொண்டு வேக மறுக்கும். உங்கள் அரிசி பழையதாக இருந்தால் இன்னும் அரைக் குவளைத் தண்ணீர் கேட்கும். ஓரிரு முறை செய்தால் கை பழகிவிடும்.

சுவிட்சு ஏறிய பிறகு மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விட்டு, பிறகு கைப்பிடித் தேங்காய்த் துருவலும் கொத்தமல்லித் தழையும் போட்டுக் கிளறுங்கள். ஊருக்குப் போகும்போது சிறிய பாட்டிலில் ஊத்துக்குளி நெய் கொண்டுவர முடிந்தால், சாப்பிடும்போது ஆளுக்கு ஒரு கரண்டி விட்டுக்கொள்ளலாம். தயிரும் ஊறுகாயும் இருந்தால் வேறு தொடுகறி தேவையில்லை.

செலவையும் பாருங்கள். அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷன் அரிசிக்கு விலையே இல்லை. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்தக் கணக்கில் நீங்கள் போடும் நூறு கிராமுக்குச் சற்று அதிகமான பருப்பின் விலை நான்கு ரூபாயைத் தொடாது. வெங்காயமும் தேங்காயும்தான் பெரிய செலவு. ஆனால் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ பருப்புதான் கிடைக்கும் என்பதால், வீட்டில் இருப்பவர்களுக்கு வைத்துவிட்டு மிச்சத்தை எடுத்து வாருங்கள்.

கோவை கணபதி பகுதியில் மின்சாதனப் பழுது பார்ப்பவர் எழுதியது:

அம்மா சமையலைச் சொல்லிவிட்டார்கள். சுவிட்சு ஏன் ஏறுகிறது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நான் சொல்கிறேன். பட்டறைக்கு வரும் ரைஸ் குக்கர்களில் பல, இது தெரியாமல் கெடுக்கப்பட்டவையாகவே இருக்கின்றன.

குக்கரின் சூடேறும் தட்டுக்கு நடுவில், பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு ஸ்பிரிங்கின் மேல் ஒரு சிறிய வட்டக் குமிழ் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு காந்தமும், குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் காந்தத்தால் இழுக்கப்படும் தன்மையை இழந்துவிடும் ஓர் உலோகக் கலவைத் துண்டும் இருக்கின்றன. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை அடிப்பகுதியின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். அரிசி தண்ணீரையெல்லாம் உறிஞ்சிய பிறகு சூடு அதைத் தாண்டி ஏறும்போது அந்தத் துண்டு காந்தத்தை விட்டுவிடும், சுவிட்சும் மேலேறிவிடும். சோறு வெந்துவிட்டது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது, தண்ணீர் தீர்ந்துவிட்டது என்பது மட்டும்தான் தெரியும். வெறும் எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாவதால், நீங்கள் தாளிக்கும்போதும் அது சோறு முடிந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறது.

இதற்காகச் சிலர் சுவிட்சு மேலே ஏறாதபடி குச்சியையோ கரண்டிக் காம்பையோ சொருகி வைக்கிறார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் ஒரே வழியை அடைத்துவிட்டு, தீப்பிடிக்காமலிருக்க உள்ளே இருக்கும் பியூஸ் ஒன்றை மட்டும் நம்பியிருப்பதாக அது ஆகிவிடும். சுவிட்சு ஏறினால் ஏறட்டும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துக் குமிழ் ஆறியதும் மறுபடி அழுத்தினால் நிற்கும். அதற்குள் பாத்திரத்தில் இருக்கும் சூட்டிலேயே கடுகு பொரிந்துவிடும். காங்கேயத்து அம்மா சொன்னதுபோல் வெங்காயத்தைத் தாளிப்போடு சேர்த்தே போட்டால், அதன் ஈரம் சூட்டைச் சற்றுப் பிடித்து வைக்கும்.

நுரை வழிவதற்கும் வழி உண்டு. அரிசி, பருப்பு, தண்ணீர் மூன்றும் சேர்ந்து பாத்திரத்தின் பாதிக்கு மேல் போகக் கூடாது. பருப்பை நுரை போகக் கழுவி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் கொதி வரும்போது மூடியைச் சற்றே ஒதுக்கி வையுங்கள். வழிந்த கஞ்சி சூடேறும் தட்டில் காய்ந்து படிந்தாலோ, ஒரு சோற்றுப் பருக்கை பாத்திரத்துக்கும் தட்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டாலோ பாத்திரம் சரியாக உட்காராது. ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் அரைவேக்காடாக இருக்கிறது என்று கொண்டுவருகிறவர்களின் குக்கரில் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். வெளிக்கூட்டைக் குழாயடியில் கழுவவே கூடாது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 700 வாட் குக்கர் ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுக்கும். சுவரிலுள்ள சாதாரண மூன்று முனை பிளக்கே அதற்குப் போதும். ஆனால் மாணவர் அறைகளில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் குக்கர், இஸ்திரிப்பெட்டி, வாளித் தண்ணீரைச் சுடவைக்கும் 1,500 வாட் ஹீட்டர் கம்பி ஆகியவற்றை ஒன்றாக மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். குக்கரும் அந்தக் கம்பியும் மட்டுமே சேர்ந்து 9 ஆம்பியரைத் தாண்டும். மெல்லிய ஒயர் உருகுவதற்கு அது போதும். குக்கரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். நாற்பது நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகவே ஆகும் என்பதால், வீட்டுக்காரர் யூனிட் கணக்கில் பணம் வாங்கினாலும் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று கேட்கிறேன். சமைப்பதற்கு எந்தத் தண்ணீரை எடுக்கிறீர்கள்?

கவுந்தப்பாடி மாணவன்:

இருவருக்கும் மிக்க நன்றி. நாங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில்தான் சமைக்கிறோம். குடிப்பதற்கு மட்டும் கேன் வாங்குகிறோம். தண்ணீரில் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கணபதியில் மின்சாதனப் பழுது பார்ப்பவர்:

பருப்பு வேகாததற்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும், தம்பி. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடுவதால் எவ்வளவு கொதித்தாலும் அது மசியாது. கோவையில் சிறுவாணித் தண்ணீரோ பில்லூர்த் தண்ணீரோ குழாயில் வரும் நாளில் இரண்டு குடம் பிடித்து மூடி வைத்து, ஊற வைக்கவும் வேக வைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். அரிசி கழுவுவதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் போர் தண்ணீரே போதும்.

ஈரோட்டு முன்னாள் மாணவி எழுதியது:

நான் நான்கு ஆண்டுகள் கோவையில் அறை எடுத்துப் படித்துவிட்டு இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறேன். அரிசிம்பருப்பு சாதத்துக்கு ஈடு இல்லை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அதையே செய்தால் அதன் மேலும் சலிப்பு வந்துவிடும். அதனால் மற்ற நாட்களுக்கு நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன்.

எங்களைக் காப்பாற்றியது பச்சைப்பயறு. இரவே ஊற வைத்த பயற்றை மறுநாள் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், மஞ்சள்தூளுடன் குக்கரில் போட்டு, பயறு மூழ்கி இரண்டு விரற்கடை நிற்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டால் அரை மணி நேரத்தில் மலர்ந்துவிடும். கடைசியில் உப்பும் தக்காளியும் சேர்த்து, ஐந்து நிமிடம் கழித்து எவர்சில்வர் போசிக்கு மாற்றி மத்தால் கடைந்துகொள்ளுங்கள். நான்ஸ்டிக் பாத்திரத்திலேயே கடைந்தால் பூச்சு உரிந்துவிடும். கடைந்த பயறு சூடாக இருக்கும்போதே குக்கரைக் கழுவிச் சோறு வைத்துவிடலாம். இரண்டையும் முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்றாலும், இடையில் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துகொள்ளலாம்.

அந்தச் சோறு வேகும்போதே மேலே இருக்கும் ஆவித் தட்டைச் சும்மா விடாதீர்கள். கழுவிய முட்டைகளை அதில் அடுக்கினால், தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து கால் மணி நேரத்தில் கெட்டியாக வெந்துவிடும். நாமக்கல் முட்டை நம் வாசலுக்கே வருகிறது, விலையும் ஒரு டீயின் விலைக்குக் கீழேதான் இருக்கிறது. முட்டை சாப்பிடாத நண்பருக்கு அதே தட்டில் அவரைக்காயையோ பீட்ரூட்டையோ பொடியாக நறுக்கி வைத்து, வெந்ததும் உப்பும் தேங்காய்த் துருவலும் வறுத்துப் பொடித்த நிலக்கடலையும் தூவிக் கொடுங்கள். நிலக்கடலையில் நூறு கிராமுக்கு 25 கிராம் அளவுக்குப் புரதம் இருப்பதால் முட்டை இல்லாத குறையை அது தீர்த்துவிடும். காங்கேயத்து அம்மா சொன்ன அளவில் செய்த அரிசிம்பருப்பில் ஆளுக்கு ஏறத்தாழ 14 கிராம் புரதம் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், இந்தச் சாப்பாடு எந்த மெஸ் சாப்பாட்டுக்கும் குறைந்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை கொள்ளுக்கு உரியது. வெள்ளி இரவு ஊற வைத்து, சனிக்கிழமை தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முளை விட்டிருக்கும். முளைவிட்ட கொள்ளு முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும், முளைகட்டாததை ரைஸ் குக்கரில் வேக வைப்பது பெரிய பொறுமைச் சோதனை. வெந்த தண்ணீரை வடித்து வைத்து, கொள்ளை உப்பு, வரமிளகாய், பூண்டுடன் கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள். வடித்த தண்ணீரில் மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, கொஞ்சம் புளிக்கரைசல் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கினால் ரசம் தயார். உங்கள் பாத்திரம் பூச்சில்லாத அலுமினியமாக இருந்தால் புளி சேர்த்த எதையும் அதிலேயே வைத்திருக்கக் கூடாது, உடனே வேறு போசிக்கு மாற்றிவிடுங்கள்.

நேரமே இல்லாத தேர்வு நாட்களில் சாமை அரிசி கைகொடுக்கும். ஒரு குவளைச் சாமையும் கால் குவளைப் பாசிப்பருப்பும் மூன்றரைக் குவளைத் தண்ணீரில் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் குழைந்துவிடும். பாசிப்பருப்பை ஊற வைக்கவும் தேவையில்லை. மிளகும் சீரகமும் தட்டிப்போட்டால் பொங்கல் மாதிரியே இருக்கும்.

காய்களுக்கு நாங்கள் சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போவோம். பீளமேட்டிலிருந்து அது தொலைவில்லை. விடியற்காலையில் போனால் காய் பசுமையாக இருக்கும், விலைப் பலகையும் முன்னாலேயே எழுதி வைத்திருப்பார்கள். சின்ன வெங்காயத்தை மட்டும் விலை இறங்கும் காலத்தில் கூடுதலாக வாங்கி, கட்டிலுக்கடியில் காற்றுப்படும்படி பரப்பி வையுங்கள்.

மிச்சச் சோற்றைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டும். சமைத்த சோற்றில், கொதியிலும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். சோறு வெறுமனே அறைச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் தேர்வுக்கு முந்தைய நாள் நான் படுத்துக் கிடந்தது, குக்கரை அணைத்துவிட்டு இரவெல்லாம் உள்ளேயே விட்ட எலுமிச்சை சாதத்தால்தான் என்று இன்றும் நம்புகிறேன். வெறும் சோறு மிஞ்சினால் ஆறியவுடன் நல்ல தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் மோரும் சின்ன வெங்காயமுமாகப் பழைய சோறாகக் குடித்துவிடுங்கள். பருப்பு சேர்ந்ததை மிச்சம் வைக்காதீர்கள், அளவைக் குறைத்துச் சமையுங்கள்.

உதகையில் படிக்கும் ஒரு மாணவர்:

எங்கள் நிலைமையையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். நான் மேட்டுப்பாளையத்துக்காரன். வீட்டில் ஒழுங்காக வேலை செய்த அதே குக்கரில் இங்கே துவரம்பருப்பு ஊற வைத்தும் வேக மறுக்கிறது.

கணபதியில் மின்சாதனப் பழுது பார்ப்பவர்:

குக்கரின் மேல் குற்றமில்லை. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. துவரம்பருப்பை விட்டுவிட்டுப் பாசிப்பருப்புக்கோ மைசூர்ப் பருப்புக்கோ மாறுங்கள். அரிசிக்கும் அரைக் குவளைத் தண்ணீரும் கூடுதல் நேரமும் கொடுங்கள்.

கவுந்தப்பாடி மாணவன்:

நேற்று மாலை குழாய்த் தண்ணீர் பிடித்து, பருப்பைச் சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, அம்மா சொன்ன வரிசை மாறாமல் அரிசிம்பருப்பு செய்தோம். சுவிட்சு தாளிக்கும்போது ஒருமுறை ஏறியது, பொறுத்திருந்து அழுத்தியதும் நின்றுவிட்டது. பருப்பு முழுவதும் வெந்து அரிசியோடு கலந்திருந்தது. மூன்று பேரும் பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டோம், எங்களோடு இருக்கும் மதுரை நண்பன் இதற்கு முன் இதைச் சாப்பிட்டதே இல்லை என்று சொல்லி, இன்றும் இதையே செய்யலாமா என்று கேட்கிறான். ஒரே ஒரு சந்தேகம். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் காந்தல் பிடித்துவிட்டது. தண்ணீரைக் கூட்ட வேண்டுமா?

காங்கேயத்திலிருந்து ஒரு தாய்:

தண்ணீரைக் கூட்டினால் கூழாகிவிடும், கண்ணு. அரிசியைப் போட்ட பிறகு முதல் கொதியில் மரக்கரண்டியால் ஒருமுறை அடிவரை கிளறிவிடுங்கள், சுவிட்சு ஏறியதும் சோற்றைச் சூடாகவே வைத்திருக்கும் வார்ம் நிலையில் விடாமல் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். காந்தல் தானாகவே பெயர்ந்து வரும். அதைத் தூக்கிப் போட வேண்டாம், எங்கள் வீட்டில் அந்தக் காந்தலுக்குத்தான் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வார்கள்.